நின்ற இடத்தில் நின்று காத்த ஐந்து பிள்ளைகள்

மதுரா, கஜன், இதை உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறேன். முருகன் உங்கள் அப்பாவான எனக்குச் செய்த உதவியை நீங்கள் என் வாயால் முழுதாகக் கேட்டதில்லை.

போன வருடம் கந்தசஷ்டியின் நாலாம் நாள், பின்னேரம். கிளிநொச்சியில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்பிள்ளைகளின் கூடைப்பந்துப் பயிற்சி. விளையாட்டு ஆசிரியை மாற்றலாகிப் போனபிறகு, படிக்கும் காலத்தில் விளையாடியவன் என்று அதிபர் என்னைக் கூப்பிட்டிருந்தார். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்ட என்னையும் அந்தப் பெண்பிள்ளைகள் 'சேர்' என்றுதான் அழைப்பார்கள். எனக்குப் பிடித்த தடுப்பு முறை ஒன்றுதான், ஆளுக்கு ஆள். எதிரணியில் ஆளுக்கொருத்தியைப் பிடித்துக்கொண்டு, அவள் போகுமிடமெல்லாம் ஓட வேண்டும்.

அன்று தலைவி தனுசா பின்தங்கினாள்.

"என்ன பிள்ளை, நித்திரையோ? ஓடு!" என்று கத்தினேன்.

ஓடினாள். கொஞ்சத் தூரத்தில் விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில்தான் விஷயம் தெரிந்தது. அவளுடைய அம்மாவுக்கு வவுனியாவில் சத்திரசிகிச்சை. அதற்காக நேர்ந்து, தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்திருக்கிறாள்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா விளையாட விடமாட்டியள் சேர்."

மற்றவர் பெற்ற பிள்ளை. நான் கத்தியதால் விழுந்த பிள்ளை.

பாலும் பழமும் எடுக்க தனுசா சம்மதித்தாள். அடுத்த நாள் டாக்டர் அவளைத் திரும்பவும் பார்த்துவிட்டு, "விளையாடட்டும், ஆனா ஓடி அலைய விடாதேங்கோ" என்றா. போட்டி மறுநாள் காலை. ஒருத்திக்குக் கால் சுளுக்கியதால் எங்களிடம் ஐந்து பேர்தான் மிச்சம். தனுசாவும் இல்லையென்றால் அணியே இல்லை. ஓடாமல் எப்படி ஆடுவது? எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அன்று பின்னேரம் கோயிலில் நின்று அழுதேன். முருகா, நான் வெற்றி கேட்கவில்லை. இந்தப் பிள்ளை விழாமல் விளையாட ஒரு வழி காட்டு. வழி இல்லையென்றால், வேண்டாம் என்று சொல்லும் துணிவையாவது தா.

வெளியே வந்தேன். அடுத்த நாள் சூரன் போருக்காக, வீதியில் பெடியன்கள் சூரன் சிலை ஏற்றாத வெறும் தண்டைத் தோளில் காவி ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சனத்தை விலக்கக் கயிறு பிடிப்பவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். கோயில் செயலாளர் சிவம் அண்ணை சத்தம் போட்டார்.

"டேய், சூரனுக்குப் பின்னால ஏன்ரா ஓடுறியள்? அவன் சுத்திச் சுத்தி உங்களைச் சாக்காட்டிப்போடுவான். மூலைக்கு ஒராளா நில்லுங்கோ. உங்கட பக்கம் வந்தா மட்டும் பாருங்கோ!"

"அப்ப நடுவில ஆர் அண்ணை?"

"உன்ர கொப்பரே வந்து நிப்பார்? உயரமான ஒருத்தன் போய் நில்லடா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. இடத்தைக் காக்கும் தடுப்பு முறை ஒன்று கூடைப்பந்திலும் உண்டு. அது சோம்பேறிகளின் ஆட்டம் என்று நான்தான் ஒதுக்கி வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில், போட்டிக்கு முன், பிள்ளைகளுக்கு அதை ஒரு மணித்தியாலம் பழக்கினேன். முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு இரண்டு பேர், நடுவில் தனுசா. பந்து எங்கள் கைக்கு வந்தால் மற்ற நாலு பேரும் முன்னேறுவார்கள். அவள் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது.

போட்டியின் தொடக்கத்தில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் பந்துக்குப் பின்னால் பாய்ந்தார்கள். பின்பக்கம் வெளித்துப்போய், தொடர்ந்து மூன்று கூடை விழுந்தது.

"ஓடாதேங்கோடி, வரட்டும்!" நடுவில் நின்று கத்தியது தனுசா.

அதன்பிறகு எதிரணிக்கு உள்ளே நுழைய இடம் கிடைக்கவில்லை. நான் பந்தைப் பார்த்தது குறைவு. அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு புள்ளியால் தோற்றோம்.

"சேர், தோத்திட்டம்" என்று வந்து நின்றாள்.

"நீ நிக்கிறாய் பிள்ளை. அதுவே எனக்குக் காணும்."

நான் கேட்டது அதைத்தான். முருகன் அதைத் தந்தான். அடுத்த கிழமை அவளுடைய அம்மாவும் சுகமாக வீடு வந்தா.

இப்போது பயிற்சிக்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் கேட்கிறேன், என்ன சாப்பிட்டாய், வீட்டில் எல்லோரும் சுகமா என்று. யாரையும் பார்த்துக் கத்துவதில்லை. பிள்ளைகளே, உங்களுக்கும் வழி தெரியாத நாள் வரும். அவனிடம் உண்மையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காதைத் திறந்து வைத்திருங்கள்.

போட்டி முடிந்த அன்று பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்டுத் தனியாக வந்தேன். வழியில் மருத மரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. செருப்பைக் கழற்றி, இரண்டு காதையும் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டேன். மூன்றாவதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மரத்தைப் பிடித்து எழும்பி, நாலாவதையும் போட்டேன்.