காலண்டர் பெட்டிக்கு வாசல் வைத்தவள்

அலுவலகத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர். வைத்தவர் முதலாளி. மற்றவர்கள் கீபோர்டில் மழையாகக் கொட்டுவார்கள்; இவள் ஒவ்வொரு எழுத்தையும் மாப்பிள்ளை பார்ப்பது போல் முன்னும் பின்னும் பார்த்துத்தான் தட்டுவாள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். ஆனால் தையல்கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்த அந்த அலுவலகத்தில், இவள் புகுந்த பிறகுதான் இரண்டாவது மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

வேலை, இணையதளம் கட்டுவது. கட்டுவது என்றால் செங்கல் அறுத்துக் கட்டுவதில்லை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் ஃப்ரேம்வொர்க், அதாவது ஆயத்தச் சட்டகம் ஒன்று உண்டு. அதில் மாட்டிக்கொள்ள விதவிதமான பாகங்களும் உண்டு. தேதியைத் தேர்ந்தெடுக்கும் காலண்டர் பெட்டி அதில் ஒன்று. முதலாளி அதையெல்லாம் அள்ளி வந்து வாடிக்கையாளருக்குக் கொடுப்பார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நெய் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படிக் கட்டிக் கொடுத்ததுதான், கை கால் பயிற்சி தரும் ஒரு பிசியோதெரபி கூடத்தின் இணையதளம். எந்த நாள், எந்த நேரம் என்று நோயாளியே பதிவு செய்யலாம். அந்தக் கூடத்துக்கு ஆமையின் அண்ணனும் போய்க்கொண்டிருந்தார். பஸ் ஓட்டியவர். விபத்தில் வலது கை தோளிலிருந்து தூக்க வராமல் போனது. இடது கையில் நடுக்கம். மவுஸைப் பிடித்தால் திரையில் அம்புக்குறி ஈ மாதிரி பறக்கும். கீயை மட்டும் ஒவ்வொன்றாக அழுத்த முடியும். சட்டைப் பித்தான் போட அண்ணி வேண்டும், தலை துவட்டவும் அண்ணி வேண்டும். பயிற்சிக்குப் பதிவு செய்வது ஒன்றையாவது யாரையும் கேட்காமல் செய்துகொள்கிறேன் என்று அவர் ஒரே பிடிவாதம்.

காலண்டர் பெட்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கட்டத்துக்குக் கட்டம் தாவ வைக்கும் டேப் கீயை அழுத்தி உள்ளே போகலாம். வெளியே வர முடியாது. எலிப்பொறி மாதிரி அதற்குள்ளேயே சுற்றும். வெளியே வர மவுஸ் வேண்டும். ஆமை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து அந்தப் பாகத்தைப் பிரித்தாள். தரவிறக்கி வைத்திருந்த ஃபோல்டருக்குள்ளேயே கையை விட்டு, எஸ்கேப் கீயை அழுத்தினால் பெட்டி மூடிக்கொள்ளும்படி செய்தாள். அண்ணன் தானே பதிவு செய்தார். அன்று முழுக்க அண்ணியிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். அண்ணி காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

இங்கேதான் அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பை அவளும் செய்திருந்தாள். அந்த ஃபோல்டர் வாடகை வீடு மாதிரி. அதில் ஆணி அடிக்கலாம், படம் மாட்டலாம். ஆனால் அப்டேட் என்று ஒன்று வந்தால் பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் புது வீடு வந்து நிற்கும். ஆணியும் இருக்காது, படமும் இருக்காது. அலுவலகத்தில் 'அவசரம்' என்று பெயர் வாங்கிய பையன் ஒருநாள் எல்லாப் பாகங்களையும் அப்டேட் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. உள்ளே ஆணி இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஆமைக்கும் தெரியாது, அண்ணி போன் செய்கிற வரைக்கும். அண்ணன் பயிற்சிக்குப் போவதையே நிறுத்திவிட்டாராம். கூடத்தில் ரிப்பேர் நடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அண்ணியும் நம்பியிருக்கிறாள். கூடத்தில் வேலை செய்யும் பெண்ணைக் கடைத்தெருவில் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. இப்படியே விட்டால் தோள் இறுகிப் போய், பிறகு பிரம்மாவே வந்தாலும் அசையாது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

அலுவலகம் முடிந்ததும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடைந்து குடைந்து கேட்டதும்தான் வாயைத் திறந்தார்.

"போன மாசம் இதே விரல் அந்தப் பெட்டியிலேர்ந்து வெளிய வந்துச்சு. இப்ப வரல. கை மோசமாயிடுச்சுடி. இதுக்கு மேல எதுக்குப் பயிற்சி?"

பெட்டி செய்த வேலையை மனுஷன் தன் கைமேல் போட்டுக்கொண்டிருக்கிறார். உன் விரலில் ஒன்றுமில்லை, கோளாறு எங்கள் ஃபோல்டரில் என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. தங்கச்சி ஆறுதலுக்கு அவிழ்த்துவிடும் கதை என்று நினைத்தார்.

மறுநாள் முதலாளி சுலபமாக வழி சொன்னார்: திரும்ப அதே ஆணியை அடி, அல்லது அண்ணனைப் போனில் பதிவு செய்யச் சொல். அவள் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. போனில் பதிந்தால், கை போய்விட்டது என்று அவர் நினைப்பது உறுதியாகும்; ஆணி அடித்தால், அடுத்த அப்டேட்டில் அண்ணனின் விரல் மறுபடியும் "மோசமாகும்". இந்தத் திருத்தம் மூலத்திலேயே சேர வேண்டும், எல்லாருடைய பெட்டியிலும். நம்ம உழைப்பை ஊருக்குச் சும்மா தூக்கிக் கொடுப்பதா என்று முதலாளி அங்கலாய்த்தார்.

"இத்தனை நாள் ஊரோட உழைப்பைத்தான சார் நாம சும்மா எடுத்துக்கிட்டு வந்தோம்," என்றாள். அவள் வேகமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான் என்று அவசரம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அந்தப் பெட்டியைப் பராமரிக்கிறவர் கடல் தாண்டி எங்கோ இருக்கிறவர். சம்பளம் கிடையாது, பிள்ளைகளைத் தூங்கவைத்த நேரம் போக மிச்ச நேரத்தில் பார்க்கிறார். திருத்தத்தை அனுப்பி வைத்தாள். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. கடைசியில் பதில் வந்தபோது அது பாராட்டாக இல்லை. பெட்டி மூடுகிறது, சரி; மூடிய பிறகு ஆள் எங்கே போய் நிற்கிறார் என்று பார்த்தீர்களா? நாளைக்கு வேறு யாராவது இதை உடைத்தால் காட்டிக்கொடுக்க ஒரு டெஸ்ட் எங்கே? அவ்வளவுதான் கேட்டிருந்தார். ஆமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மறுபடி மறுபடி படித்தாள். பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதில் இருந்த திருத்திய பெட்டியை அண்ணனை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எஸ்கேப் அழுத்தினார், பெட்டி மூடியது. ஆனால் அவர் பக்கத்தின் உச்சிக்குத் தூக்கி எறியப்பட்டு, மறுபடி டேப் டேப் என்று மூச்சு வாங்க இறங்கி வந்தார். முன்பும் இதே கதைதான். தங்கச்சியைச் சொல்லிக்காட்ட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு செய்திருக்கிறார்.

"வெளிய விட்டா மட்டும் போதாதுடி. எந்த ஸ்டாப்புல ஏறினேனோ அங்கயே இறக்கி விடணும். டெப்போல கொண்டுபோய் விட்டா நான் நடந்தா வரது?"

ஆனாலும் இது தங்கச்சி தனக்காக இளக்கி வைத்த பெட்டி, கூடத்துப் பெட்டியில் தன் விரல் வராது என்ற எண்ணம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அந்த வாரம் அவள் தன் வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, மவுஸை மேஜை டிராயருக்குள் பூட்டிவிட்டு வேலை செய்தாள். பார்த்தவர்கள் கை சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் சிபாரிசு செய்தார்கள். பெட்டி மூடியதும், ஏறின இடத்துக்கே ஆளைக் கொண்டுவந்து விடும்படி மாற்றினாள். அதைக் காவல் காக்க டெஸ்டும் எழுதினாள். திருத்தத்தை அனுப்பும் பக்கத்தில் ஏன் இது வேண்டும் என்று கேட்ட இடத்தில், அண்ணன் சொன்ன ஸ்டாப் விஷயத்தை அரைகுறை ஆங்கிலத்தில் அப்படியே எழுதி வைத்தாள். பராமரிப்பவர் சேர்த்துக்கொண்டார். கூடவே, வெகுநாளாக இதே பொறியில் மாட்டியிருந்த பலர் நன்றி சொல்லி எழுதினார்கள். வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு கீபோர்டை அழுத்தும் ஒருவரும் அதில் உண்டு. அதைப் படித்த முதலாளி தானே இறங்கிப் போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். அவர் சரித்திரத்தில் அது பெரிய சங்கதி.

புதுப் பதிப்பு வந்ததும் அவசரத்தையே கூப்பிட்டு அப்டேட் செய்யச் சொன்னாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஆறுதல் என்பார். அவர் விரலே அவருக்குச் சொல்லட்டும். அண்ணியை மட்டும், மடிக்கணினியைத் திறந்து அவர் எதிரே வைத்துவிட்டு நகர்ந்துவிடும்படி ஏற்பாடு செய்தாள்.

சில நாள் கழித்துக் கூடத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. உங்கள் அண்ணன் மாதம் முழுக்கக் காலையில் முதல் நேரத்தைத் தன் பெயரிலேயே பிடித்து வைத்திருக்கிறார், மற்ற நோயாளிகள் சண்டைக்கு வருகிறார்கள், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் என்றார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டு, பாதி நாளையாவது விட்டுக்கொடுக்கச் சொன்னாள்.

"என் புக்கிங்கு, நான் பாத்துக்கறேன்," என்றார் அவர். "உனக்கு வேலை இல்லையா? போனை வை."