பூவரசங்கட்டை ஸ்பூன்

கத்தி அசையவே அசையாது. கூர் வெளியே பார்க்க, பிடியை வலது முழங்காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கட்டையைத்தான் தன் பக்கம் இழுக்கிறாள் வேம்புலியம்மாள். மெல்லிய சீவல் சுருண்டு விழுகிறது. ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் கல்யாணமான நாளாய் அரிவாள்மனையில் மீன் அரிந்து விற்பவளுக்கு வேறு எப்படி வரும்?

முதல் நாள் எல்லாரையும்போல் கத்தியைத் தள்ளித்தான் பார்த்தாள். அது வழுக்கி இடது கட்டைவிரலைப் பதம் பார்த்தது. "மீனுன்னா கம்முனு கெடக்கும், இது துள்ளுது" என்று கட்டையைத் திட்டிவிட்டு, மறுநாள் முழங்காலுக்கு மாறிவிட்டாள்.

எல்லாம் புருஷன் செங்கல்வராயனுக்காக. ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டிய மனிதர். போன ஆடியில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கைவிரல்கள் பாதி மடங்கியே நிற்கின்றன. எவர்சில்வர் ஸ்பூன் அதில் நிற்காமல் திரும்பிக்கொள்கிறது. அவள் ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிவிட்டு, "போதும்மே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பசி இல்லாமலா? வெட்கம். ஆள் பாதியாய் இளைத்துவிட்டார்.

கத்தி வாங்கப் போன கதை தனி. ஞானசேகரன் தன் இரும்புக்கடையில் பளபளவென்று ஒரு மடக்குக் கத்தியை நீட்டினார். அழுத்தும்போது மடங்கிக்கொண்டால் விரல் போய்விடும் என்று அவள் தொடக்கூட இல்லை. விரல் நீள அலகு, நேரானது, பிடி மட்டும் கை நிறைய, அதைத்தான் எடுத்தாள். கூர் எப்படியென்று பாருங்கள் என்றவரிடம், "கூரு நான் வெச்சிக்கிறேன் நைனா. புடி கைல நிக்கணும், அதான்" என்றாள். வீட்டுக்காரரின் கையை நினைத்துக்கொண்டு சொன்னாளோ என்னவோ.

முதல் ஸ்பூனை, கரண்ட் கம்பிக்காக வெட்டிப் போட்டிருந்த வேப்பங்கிளையில் செய்தாள். எந்தப் புண்ணியவதியாவது பச்சை வேம்பில் ஸ்பூன் செய்வாளா? வாயில் வைத்ததும் செங்கல்வராயன் முகம் கோணிப்போயிற்று. "இன்னாமே, கஷாயமா குடுக்கிற?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! அதற்காகவே இன்னொன்று செய்யலாம் என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

இந்த முறை ஏரிக்கரைப் பூவரசு. சப்பாத்தி மாவை உருட்டி அவர் கையில் கொடுத்து, பிடிக்கச் சொன்னாள். விரல் பதிந்த அந்த உருவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே காம்பைச் சீவினாள். குண்டாய், கோணலாய், ஸ்பூன் ஜாதியிலேயே சேராத ஒன்று வந்தது.

மத்தியானம் சோற்றைக் குழைத்து, மீன் குழம்பு ஊற்றி, முன்னால் வைத்தாள். ஸ்பூன் அவர் கையில் நின்றது. மெல்ல மேலே போயிற்று, நடுவழியில் ஆடியது. பழக்கதோஷத்தில் அவள் உள்ளங்கை அவர் மோவாய்க்குக் கீழே ஓடியது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் கையை இழுத்து, தன் தொடைக்கடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.