ஒரு சாண் விட்டு அறுத்த வயல்

கயல், முகில், நீங்கள் இரண்டு பேரும் வர முடியாமல் போன பயணம் இது. திங்கட்கிழமை கயலுக்குத் திருப்புதல் தேர்வு இருந்ததால் அம்மாவும் உங்களோடு கடலூரிலேயே தங்கிவிட்டாள். நம் வீட்டின் சார்பாக நான் ஒருவன் மட்டும் போய் வந்தேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

தை மாதம், மூன்றாவது சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். எனக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டைக்குப் போகிற ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க சார், இவ்ளோ காலையில?"

"கிள்ளை பக்கம். மச்சான் வயல்ல அறுப்பு."

அவர் என் பேன்ட்டையும் ஷூவையும் ஒருமுறை பார்த்தார். "அறுப்புக்கா? கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கீங்க."

"லுங்கி பையில இருக்குதுங்க."

"இப்பல்லாம் மிஷினு ஒன்றரை மணி நேரத்துல அறுத்துட்டுப் போயிடுதே. ஆளுங்க எதுக்கு?"

"உளுந்து தெளிச்சிருக்காங்க."

"அப்படிச் சொல்லுங்க" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஒரு சொல் போதும். உங்களுக்குத்தான் நான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

நீங்கள் பார்த்திருப்பது சித்திரை மாதத்து வயல். கோடை விடுமுறையில் போய் உளுந்துச் செடி பிடுங்குவீர்கள், குச்சியால் அடிப்பீர்கள், கண்ணில் தூசி விழுந்து அழுவீர்கள். அந்த உளுந்தை விதைப்பது தை மாதத்தில். அதற்காகத் தனியாக ஏர் ஓட்டுவதில்லை. நெல் முற்றி, அறுப்புக்கு இன்னும் எட்டு ஒன்பது நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைக் கையால் தெளித்துவிடுவார்கள். நெல்லின் அடியில் இருக்கும் ஈரத்தில் அது முளைத்துக்கொள்ளும். நெல்லை அறுத்ததும் வெயில் பட்டு எழும்பும். அப்புறம் பனிதான் அதற்குத் தண்ணீர். அறுவடை மிஷினின் சங்கிலிச் சக்கரம் ஏறினால் முளை சேற்றோடு சேறாகப் போய்விடும். அதனால்தான் உங்கள் சேகர் மாமா தன் இரண்டு ஏக்கருக்கு மிஷின் கூப்பிடுவதில்லை. சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிறார். நம் வீட்டில் வருஷம் முழுவதும் அரைக்கிற இட்லி மாவுக்கு அந்த வயல் உளுந்துதான். நமக்கு மட்டுமல்ல, ஒன்பது வீட்டுக்கும்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், வெள்ளாற்றுப் பாலம் எல்லாம் தாண்டி 6.20க்குச் சிதம்பரத்தில் இறங்கினேன். டீ பன்னிரண்டு ரூபாய். டீக்கடை டிவியில், மாலையில் கடலோரத்தில் மழை பெய்யலாம் என்று சொன்னார்கள். பாதி டீயோடு கிள்ளை டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். கிள்ளைக்கு முன்னால் இறங்கி, வரப்பும் வாய்க்காலுமாக ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தேன்.

7.15. களத்தில் இருபத்திரண்டு பேர் நின்றார்கள். என்னோடு இருபத்துமூன்று. அம்மாவுடன் பிறந்தவர்கள், சித்தப்பா வழிப் பிள்ளைகள் என்று ஒன்பது வீட்டு ஆட்கள். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர், ஒருவர் பஸ் கண்டக்டர், ஒருத்தி தையல்கடை வைத்திருக்கிறாள், இரண்டு பேர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. எல்லோரும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். வீட்டுக்கு ஓர் அரிவாளாவது வந்தாக வேண்டும் என்பது இந்தக் குடும்பத்து வழக்கம். தாத்தா காலத்தில் மூன்று வீடாக இருந்தது, இப்போது ஒன்பது. வயல் மட்டும் அதே இரண்டு ஏக்கர்.

"எங்க, எங்க தங்கச்சி வரலியா?" என்று சேகர் மாமா கேட்டார். அம்மாவின் அண்ணன் அவர். அம்மா அறுப்பில் கெட்டிக்காரி என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரு ஆள் ஒரு வரிசை அறுக்கும் நேரத்தில் அவள் ஒன்றரை வரிசை அறுப்பாளாம்.

"கயலுக்குப் பரீட்சை, மச்சான். நான் வந்துருக்கேன்."

"சரி, வுடு" என்றார். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி வளர்மதி அத்தை, "அண்ணன் வந்ததே பெருசு. மோர் குடிங்கண்ணே" என்று சொம்பை நீட்டினாள்.

இருப்பதிலேயே தூரத்திலிருந்து வந்தவர்தான் முதல் பிடி அறுக்க வேண்டும். இந்த வருஷம் மாமாவின் மகள் பவானி. பெங்களூரில் நர்ஸாக இருக்கிறாள். இரவு முழுவதும் ரயிலில் வந்த கண்ணோடு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து ஒரு பிடி அறுத்தாள். அதை வைக்கோல் பிரியால் கட்டி வீட்டு வாசல் நிலையில் தொங்கவிட்டார்கள். குருவி வந்து தின்னட்டும் என்று. ஊசி போடுகிற கை அரிவாள் பிடித்த அழகைப் பார்த்து மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது.

8.00. நான் செய்த தப்பை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் பிறந்தது பண்ருட்டிப் பக்கம். பலாவும் முந்திரியும் தெரியும், நெல் தெரியாது. மெதுவாக அறுத்தால் கேலி செய்வார்களே என்று, தரையை ஒட்டி மளமளவென்று அறுத்துக்கொண்டே போனேன். இரண்டு ஆள் நீளம் போயிருப்பேன்.

"ஐயோ அண்ணே! கையத் தூக்குங்க! தூக்குங்க!" வளர்மதி அத்தை ஓடி வந்தாள்.

குனிந்து பார்த்தேன். நெல் நிழலில் வெளுத்துப் போய், நான்கு விரல் உயரத்துக்கு நின்ற உளுந்து முளைகள். நான் போன வழியில் அத்தனைக்கும் தலை இல்லை.

"தரையிலேருந்து ஒரு சாண் வுட்டு அறுக்கணும்ணே. உங்க வூட்டு இட்லிய நீங்களே அறுத்துட்டீங்களே!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. உங்கள் ரவிப் பெரியப்பா, வங்கியில் வேலை பார்க்கிறாரே, அவர் அரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு, "சகல, ஒனக்கு இந்த வருசம் உப்புமாதான்" என்றார். அத்தை மட்டும் சிரித்துக்கொண்டே மடியிலிருந்து ஒரு பிடி உளுந்தை எடுத்து அந்த இடத்தில் தெளித்தாள். மடியில் ஏன் உளுந்து வைத்திருந்தாள் என்று கேட்டேன். "வருசா வருசம் யாராவது ஒருத்தர் இத செய்வீங்கண்ணே. போன வருசம் அவரு" என்று ரவிப் பெரியப்பாவைக் காட்டினாள். அவர் சிரிப்பு அதோடு நின்றது.

அதற்குப்பின் என்னைக் கட்டுத் தூக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்கும் விதி உண்டு. ஓரமாக ஒரே தடத்தில்தான் நடக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் மிதித்தால் மிஷின் ஓட்டினதுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

11.00. பக்கத்து வயலுக்கு மிஷின் வந்தது. கலியபெருமாள் என்கிறவருடைய வயல் அது. ஆத்தூரிலிருந்து வந்த வண்டி, ஓட்டுகிறவர் முப்பது வயது ஆள். அவர் அறுக்க ஆரம்பித்ததும் எங்கள் வரிசையில் பேச்சு நின்றுபோயிற்று. நாங்கள் குனிந்து நிமிர்வதற்குள் அது ஒரு சுற்று வந்துவிடுகிறது.

1.50. கலியபெருமாள் வயல் முடிந்துவிட்டது. எங்களுக்கு இன்னும் கால்வாசிக்கு மேல் பாக்கி, அரை ஏக்கருக்கும் அதிகம். கிழக்கே கடல் பக்கம் வானம் ஈயச் சட்டி மாதிரி கறுத்திருந்தது. டிரைவர் வரப்பில் நின்று கூப்பிட்டார்.

"அண்ணா, மழை வருதுங்க. மிச்சத்த நான் அரை மணி நேரத்துல எடுத்துக் குடுத்துடறேன். இப்ப விட்டா லால்பேட்டை போயிருவேன், நாளைக்குத்தான் வருவேன்."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா வானத்தைப் பார்த்தார். நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. மழை அடித்தால் படுத்துவிடும். படுத்த நெல் சேற்றில் முளைத்துப்போகும். மிஷினை விட்டால் நெல் தப்பும், அந்தப் பக்கத்து உளுந்து போகும். ஐந்து மாதம் வளர்த்த நெல் அது.

ரவிப் பெரியப்பாதான் முதலில் பேசினார். "மச்சான், மிஷின வுடுங்க. முக்காவாசி உளுந்து இருக்குதுல்ல? ஒம்பது பங்கையும் கொஞ்சம் கொறச்சுக்கலாம். நெல்லு போச்சுன்னா நாளைக்கி யாரு பதில் சொல்றது?"

"சொல்றது சரிதான் மாமா" என்றான் சென்னைத் தம்பிகளில் ஒருவன். இடுப்பில் இரண்டு கையும் வைத்து நின்றான் பாவம்.

எனக்கும் மிஷினே தேவலை என்றுதான் தோன்றியது. உண்மையைச் சொல்வதில் என்ன?

வளர்மதி அத்தை வரிசையிலிருந்து நிமிர்ந்தாள். "உளுந்து தெளிச்சவ நானு. ரெண்டு ஏக்கரும் ஒத்த ஆளா நடந்து தெளிச்சேன். நான் சொல்றேன்." டிரைவரைப் பார்த்து, "நீ போயிட்டு வா தம்பி" என்றாள். பிறகு எங்களைப் பார்த்தாள். "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? சோறு எங்கயும் ஓடிப் போவாது. நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு, ஆற ஆறத்தான் ருசி ஜாஸ்தி. குனிங்க!"

மாமா போய் வரிசையில் முதல் ஆளாகக் குனிந்தார். நெல் நனைந்தால் ஊரே அவரைத்தான் கேட்கும், அவளை அல்ல. அது தெரிந்தும் குனிந்தார்.

டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டு வண்டிக்குப் போனார். போனவர் திரும்பி வந்து, "தார்ப்பாய் பத்துமாண்ணா?" என்று கேட்டார். மாமாவிடம் ஒன்றுதான் இருந்தது. வண்டியிலிருந்து பெரிய தார்ப்பாய் ஒன்றை இழுத்து வரப்பில் போட்டார். "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த இரண்டரை மணி நேரம் யாரும் ஜோக்கடிக்கவில்லை. என் கையிலும் அரிவாளைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சாண், ஒரு சாண் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அறுத்தேன். மிஷின் வேண்டும் என்று சொன்ன ரவிப் பெரியப்பா எனக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க அறுத்தார். அவர் விரலில் வெட்டு விழுந்தது. பவானி வந்து, தன் துப்பட்டா ஓரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டு, "மாமா, லீவு கெடையாது" என்றாள். அறுக்க அறுக்கக் கட்டினார்கள், கட்டக் கட்டத் தூக்கினார்கள். களத்தில் கதிர் உள்பக்கமும் தாள் வெளிப்பக்கமுமாக அடுக்கினார்கள்.

4.20. கடைசிப் பிடியை யார் அறுத்தார்கள் என்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது எதிரே நெல் இல்லை. கடைசிக் கட்டுகள் களத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே முதல் தூறல் விழுந்தது. தார்ப்பாயின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து இழுத்தோம். செங்கல் வைத்தோம். மழை இறங்கிவிட்டது.

யாரும் வீட்டுக்குள் ஓடவில்லை. இருபத்துமூன்று பேரும் களத்திலேயே நனைந்துகொண்டு நின்றோம். சேகர் மாமா வளர்மதி அத்தையைப் பார்த்து, "சோறாச்சும் போடுவியா?" என்றார். மிஷினை அனுப்பியதற்குப்பின் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள். நல்லவேளை, அரை மணி நேரத்தில் மழை விட்டது. உளுந்துக்கு அந்த அளவு மழை மருந்து மாதிரி. ஜாஸ்தி பெய்திருந்தால் தண்ணீர் நின்று அழுகியிருக்கும்.

ஞாயிறு காலை 7.30. தார்ப்பாயை எடுக்க டிரைவர் பைக்கில் வந்தார். அவரோடு நானும் மாமாவும் வரப்பில் நின்றோம். ஒரு சாண் தாளுக்கு நடுவே, நேற்று வெளுத்திருந்த முளைகள் ஒரே இரவில் நிமிர்ந்து நின்றன. வயல் முழுக்க இளம்பச்சையாகத் தெரிந்தது.

"எத்தனை கூலியாளு வச்சீங்கண்ணா?"

"கூலியாளு யாரு வச்சா? எல்லாம் வூட்டு ஆளுங்கதான். இருபத்துமூணு பேரு."

"எங்க வீட்ல கல்யாணத்துக்கே இத்தனை பேரு வந்ததில்லீங்க" என்று சொல்லி, டிரைவர் போனை எடுத்து வயலைப் படம் பிடித்தார்.

"அறுத்த வயல போட்டோ புடிக்கிற மொத மிஷின்காரன் நீதான்யா" என்றார் மாமா. நெஞ்சு அகலமாகித்தான் இருந்தது.

பிள்ளைகளே, மிஷின் கெட்டது என்று நான் எழுதவில்லை. கலியபெருமாள் வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான். பையன்கள் சிங்கப்பூரில். மிஷின் இல்லாவிட்டால் அவர் நெல் நேற்று நனைந்திருக்கும். எங்களுக்கு ஆள் இருந்தது. அவ்வளவுதான்.

பத்து மணிக்கு ஆளுக்கொரு பஸ்ஸாகப் பிரிந்தோம். பவானி ரயிலுக்கு, ரவிப் பெரியப்பா விரல் கட்டோடு விருத்தாசலம் வண்டிக்கு. கடலூரில் என் மோட்டார் ரிப்பேர் கடையில் செம்புக் கம்பிக் காயில் கட்டும்போது தொடங்குவதும் நான், முடிப்பதும் நான். நன்றாக ஓடினால் என் பெயர், எரிந்துபோனாலும் என் பெயர். கிளம்புவதற்கு முன்னால் வரப்பில் நின்று, மதியத்துக்குமேல் நான் அறுத்த இடம் எது, மாமா அறுத்தது எது, பவானி அறுத்தது எது என்று தேடிப் பார்த்தேன். எல்லாம் ஒரே சாண் உயரத்தில் இருந்தன. கண்டுபிடிக்க முடியவில்லை. கடலூர் வந்து சேரும்வரை எனக்கு அதுதான் பெருமையாக இருந்தது.