ஐம்பதில் ஒட்டிய டேப்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்தக் கோபத்தில்தான் அண்ணனின் கார் எஞ்சினைப் பிரிக்க வைத்தேன். வாடகைக்கு ஓடிய பழைய டீசல் கார் அது. செகண்ட் ஹேண்டில் வாங்கி, அதை வைத்தே குடும்பத்தை ஓட்டினார். ஒருநாள் கீழக்குயில்குடிப் பக்கம் உச்சி வெயிலில் வண்டி நின்றுவிட்டது என்று போன் செய்தார். நான் பள்ளிக்கூட ஆபீஸில் பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடினேன். ஐம்பத்தாறு வயது மனுஷன் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, சட்டையெல்லாம் எண்ணெயும் வியர்வையுமாக ஒற்றை ஆளாக நின்றார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் எஞ்சினை இறக்குங்கள், பிறகுதான் சவாரி என்று ரோட்டிலேயே கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஆரப்பாளையத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எஞ்சினைப் பிரித்தால் கழுவித் துடைத்து, சாக்கை விரித்து மூன்றாகப் பரப்பிவிடுவார். இடது பக்கம் இருப்பதை அப்படியே மாட்டலாம். வலது பக்கம் இருப்பதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். நடுவில் வைத்தது ஓனர் முடிவு. அதில் இதைச் செய், அதைச் செய் என்று அவர் சொல்லவேமாட்டார். கிராங்க் இடது பக்கம் போனது. ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் வலது பக்கம். நான்கு பிஸ்டன்களையும் நடுவில் வைத்தார். தேய்மானம் இருக்கிறது, ஆனால் அளவுக்குள்தான் இருக்கிறது என்றார். பழைய பிஸ்டனிலேயே புது ரிங் போட்டால் இருநூறு கிலோமீட்டர் பார்த்து ஓட்டினால் போதும். சிலிண்டரைக் கடைந்து, அதாவது போர் அடித்து, புதுப் பிஸ்டன் போட்டால் ஆயிரம் கிலோமீட்டர் வரை வேகம் ஐம்பதைத் தாண்டக்கூடாது.

அண்ணன் ஒரு பிஸ்டனைக் கையில் எடுத்து, வேஸ்ட் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“நல்லாத்தானடா இருக்கு. ஓடுற சாமானை எதுக்குத் தூக்கிப் போடணும்?”

“நடுவுல கெடக்குற அம்புட்டையும் மாத்துங்க” என்று நான் மெக்கானிக்கிடம் சொன்னேன். ஒற்றைக்காலில் நின்றேன். மறுபடி அவர் வெயிலில் நிற்பதை நான் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு. போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, பெரிய இவனாட்டம் பேசினேன். அண்ணன் பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டு, அவன் சொன்னபடியே செய்யுங்கள் என்று எழுந்துவிட்டார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், என் பிடிவாதத்துக்கு விட்டுக்கொடுத்தே பழகியவர்.

வண்டியைக் கொடுக்கும்போது மெக்கானிக் ஸ்பீடோமீட்டர் கண்ணாடியில், ஐம்பதுக்கு நேராக, சிவப்பு டேப்பைக் கிழித்து ஒட்டினார். முள் இதைத் தொடக்கூடாது என்று அண்ணனிடம் இரண்டு தடவை சொன்னார். பழைய பிஸ்டன்களைச் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி பானட்டில் கை வைத்து ஜெபம் செய்தார்.

அடுத்த வாரம் அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்க மேலூர் போனோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். அதற்குள் வண்டி முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடியிருந்தது. பழைய பிஸ்டன் என்றால் டேப்பே இருந்திருக்காது. மதியம் சாப்பிட்டுக் கிளம்பும்போது தோள்பட்டை இழுக்கிறது, நீ ஓட்டு என்றார். அவர் என்னிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்ததே கிடையாது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டு, கறிச்சோறு ஒத்துக்கொள்ளவில்லை, வாயு என்றார். நானும் வாயு என்றே நினைத்தேன். பெட்டிக்கடையில் நிறுத்தி இஞ்சி சோடா வாங்கிக் கொடுத்தேன். ஏப்பம் வந்தது. அட, இம்புட்டுத்தானா என்று இரண்டு பேரும் சிரித்தோம். ஆண்டவரே, சிரித்தோம்.

நான்கு வழிச்சாலையில் லாரிகூட எங்களை முந்திக்கொண்டு போனது. ஒத்தக்கடைக்கு முன்னால் அவர் முனகினார். திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. பயந்துபோய் மிதித்தேன். முள் எழுபதுக்குப் போனது. அவர் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது என்னை அல்ல, மீட்டரை.

“தம்பி, டேப்பைத் தாண்டிருச்சு பாரு. புது எஞ்சின்டா. கொற.”

நான் குறைத்தேன். அதைத்தான் சொல்ல வேண்டும், வேறு எதைச் சொல்லி என்ன? பிஸ்டன் விஷயத்தில் அவர் பேச்சைத் தட்டினேன், இதில் கேட்டேன். ஐம்பதுக்கு வந்ததும் அவர் தலையை ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்து ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினேன். மாட்டுத்தாவணி சிக்னலில் நின்றபோது, மடியிலிருந்த பத்திரிகைக் கட்டு கீழே சரிந்தது. அவர் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். தோள்பட்டை, சோடா, எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். முன்னாலேயே வந்திருந்தால் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

கல்யாணத்தைத் தள்ளிவைத்து, பிறகு எளிமையாக நடத்தினோம். வண்டியை விற்க அண்ணி சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்னை ஓட்டச் சொல்வார். டேப்பைத் தாண்டாமல் ஓட்டி ஓட்டி, ஒருநாள் ஆயிரம் கிலோமீட்டர் முடிந்தது. ஆயில் மாற்ற ஆரப்பாளையம் கொண்டுபோனேன். மெக்கானிக் எஞ்சினை முடுக்கிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டார். புகை துளிகூட இல்லை. அண்ணன் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். அன்றைக்கு நான் வந்த வேகம் அவருக்குத் தெரியாது. கண்ணாடியிலிருந்து டேப்பை நகத்தால் உரித்து, சுருட்டி வெளியே எறிந்தார்.

“இனிமே எம்புட்டு வேகம் வேணும்னாலும் மிதிங்க சார், ஒண்ணும் ஆகாது.”

சரி என்று வண்டியை எடுத்தேன். தெருமுனை வரைக்கும்கூட என்னால் ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, பக்கத்து சீட்டில் கை வைத்துக்கொண்டு அழுதேன்.