மில் வந்ததும் லெஃப்ட்

போன வாரத்துக்கு முந்தின ஆடி வெள்ளி. பஜார் நடுவில் ஒருவரிடம் திட்டு வாங்கினேன். வாங்க வேண்டிய திட்டுதான்.

நானும் என் நாத்தனார் செல்வி அக்காவும் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் காரில் கிளம்பியிருந்தோம். ஆரணியையே தாண்டவில்லை. கியர் பக்கத்துப் பள்ளத்தில் செருகி வைத்திருந்த போன், 'வலது பக்கம் திரும்பவும்' என்றது. எந்த வலது? அடுத்தடுத்து இரண்டு தெருக்கள். குனிந்து மேப்பைப் பார்த்தேன்.

"ஏய்... ஆளு, ஆளு" என்றார் அக்கா.

நிமிர்ந்தால், பானெட்டுக்கு முன்னால் ஒரு மொபெட். பிரேக்கை மிதித்த மிதியில் கார் நின்றுவிட்டது. இடிக்கவில்லை. ஆனால் பதறிப்போய் அவர் வண்டியோடு சாய்ந்துவிட்டார். பின்னால் கட்டியிருந்த பட்டு நூல் மூட்டை ரோட்டில் உருண்டது.

இறங்கி ஓடினேன். மனிதர் முதலில் மூட்டையில் சேறு பட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் முழங்காலைத் தடவினார்.

"இன்னாம்மா, குனிஞ்சிகினே வண்டி ஓட்டுறீங்க?"

"வழி பாத்தேங்க. மன்னிச்சிடுங்க."

"வழி அப்புறம் பாக்கலாம். எதிர்ல ஆளு வந்தா மொதல்ல ஆளப் பாருங்க. எனக்கும் வூட்ல காத்துகினு இருக்காங்க."

நல்லவேளை, சிராய்ப்புதான். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பவும் காரில் உட்கார்ந்தேன். மேலே ஓட்டத் தைரியம் வரவில்லை. அம்மனுக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மெதுவாக வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

எத்தனையோ தடவை போய்வந்த ஊர் படவேடு. அதற்கு எதற்கு மேப் என்று கேட்பீர்கள். போனதெல்லாம் இரவல் காரில், என் கணவர் ஓட்டி, நான் பக்கத்தில் உட்கார்ந்து. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் யாராவது ரோட்டைப் பார்ப்பார்களா? நான் மலையைப் பார்ப்பேன், மேகத்தைப் பார்ப்பேன். அலுத்தால் அவரைப் பார்ப்பேன். வழியைப் பார்க்கத்தான் அவர் இருந்தாரே.

இப்போது அவர் மஸ்கட்டில். ஒரு கம்பெனியில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். போன லீவில் வந்தபோதுதான் இந்த செகண்ட் ஹேண்ட் காரை வாங்கி, மைதானத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். கார் இங்கே... டிரைவர் அங்கே.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"ஒனக்கு ஒண்ணும் ஆவலயே?"

"இல்லங்க."

"அவருக்கு?"

"சிராய்ப்புதாங்க."

"சரி, கேளு. போனைக் கீழ வெக்காத. முன் கண்ணாடிக்குக் கீழ மாட்டுற ஸ்டாண்ட் ஒண்ணு வாங்கிக்க. கெளம்பறதுக்கு முன்னாடியே ஊரு பேரைப் போட்டு, முழு வழியும் ஒரு தடவ பாத்துடு. வண்டி நகந்துட்டா போனைத் தொடாத. காதால மட்டும் கேளு. வழி தப்பிச்சின்னா தப்பட்டும், ஓரமா நிறுத்திட்டுப் பாரு. யாரும் ஒன்ன அடிக்கப் போறதில்ல."

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஆரணியிலிருந்து படவேடு வரைக்கும், ஓட்டிக்கொண்டு போகிற மாதிரியே பேசியிருந்தார். 'கண்ணமங்கலம் தாண்டினா ரோடு நல்லா இருக்கும், அதுக்காக வெரட்டாத... அப்பால ஸ்கூலு வரும், ஸ்லோ பண்ணிக்க... வலது கை பக்கம் ரைஸ் மில்லு வரும், தவிட்டு வாசன வரும் பாரு. மில்லு வந்ததும் லெஃப்ட்...'

அந்த வாரம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது.

"இன்னுமா வழி மனப்பாடம் ஆவல?" என்றார் செல்வி அக்கா.

"ஆயிடுச்சிக்கா. ஒரு தடவ சரி பாத்துக்கறேன்."

அக்கா சிரிக்கவில்லை. தம்பியின் குரல் அவருக்கும் வேண்டியிருந்தது போல. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வெள்ளி மறுபடி கிளம்பினோம். போன் ஸ்டாண்டில். ஊர் பெயரை வீட்டு வாசலிலேயே போட்டாகிவிட்டது. நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். அவர் சொன்னதெல்லாம் வரிசையாக வந்தது. கண்ணமங்கலம் வந்தது. நல்ல ரோடு வந்தது. ஸ்கூலும் வந்தது.

மில் வரவில்லை.

போன் 'இடது பக்கம் திரும்பவும்' என்றது. மில் வராமல் எப்படித் திரும்புவது? ஒரு கணம் கண் ஸ்கிரீனுக்குப் போகப் பார்த்தது. இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தினேன்.

வலது பக்கம் புதிதாக ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"இங்க ரைஸ் மில்லு ஒண்ணு இருந்துச்சே?"

"அத்த இடிச்சி ரொம்ப நாளாச்சிக்கா. கல்யாண மண்டபம் கட்டிகினு இருக்காங்க. படவேடுதான? இதே லெஃப்ட்டுதான், போங்க."

உடனே வண்டியை எடுக்க மனம் வரவில்லை. தினம் பேசுகிறோம், தினம் பார்க்கிறோம், எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு மில் இடிந்ததை யார் போனில் சொல்வார்கள்? அவர் மனதில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தவிடு மணக்கிறது. நானும் அங்கே, ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுப் போனபடியேதான் இருக்கிறேனோ? இங்கே எனக்கு வாசிக்கக் கண்ணாடி வந்துவிட்டது. வீடியோ கால் வந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

"போலாமாடி?" என்று அக்கா தோளைத் தொட்டார்.

போனோம். நல்ல தரிசனம். வெளியே வந்து, நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"வந்து சேந்துட்டியா?"

"சேந்துட்டேங்க. கோயிலாண்டதான் இருக்கோம்."

"வழி சரியா இருந்துச்சா?"

சொல்லலாமா, வேண்டாமா? சொன்னேன்.

"மில்லு இல்லங்க. இடிச்சிட்டாங்க. மண்டபம் வருது."



"அப்படியா..." என்றார். பிறகு, "சரி. மண்டபம் வந்ததும் லெஃப்ட்டுன்னு மாத்திக்கிறேன்" என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. போட்டபடியே வீடியோவை ஆன் செய்தேன். உற்றுப் பார்த்தார்.

"எப்ப போட்ட?"

"ரொம்ப நாளாச்சிங்க."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "திரும்பி வர்ற வழி சொல்லட்டுமா?" என்றார்.

வந்த வழியேதான் திரும்ப வேண்டும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"சொல்லுங்க" என்றேன்.