தள்ளி எடுத்த சீட்டு

திருவொற்றியூர்க் குப்பத்தில் மங்கைக்கு ‘ஞாயக்காரி’ என்று பெயர். பாராட்டி வைத்த பெயர் இல்லை அது. மீன் விற்கிற இடத்தில் எவளாவது எவளையாவது ஏமாற்றிவிட்டால் போதும், தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நடுவில் போய் நிற்பாள். ஊர் வம்பை விலைக்கு வாங்குவதே இவளுக்குப் பிழைப்பாகிவிட்டது என்பார்கள். சோறு தின்னும்போதுகூடக் குத்துக்காலிட்டுத்தான் உட்காருவாள். எழுந்து ஓட வசதியாக இருக்க வேண்டுமே!

அப்பேர்ப்பட்டவளுக்கும் சொந்தமாக ஓர் ஆசை இருந்தது. புருஷன் தேசப்பனுக்கு ஒரு கட்டுமரம் வேண்டும். தேசப்பன் எத்திராஜின் மரத்தில் கூலியாளாகப் போய்க்கொண்டிருந்தான். கரையில் மீனைப் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு. வலையும் மரமும் எத்திராஜுடையவை. இரண்டு பேரும் ஒரே தண்ணீரில் நனைந்து வந்தாலும் அவனுக்கு மூன்று, இவனுக்கு ஒன்று. மரத்துக்கு வயிறா இருக்கிறது என்று மங்கை பொருமுவாள். பொருமினாளே தவிர, மரத்துக்குப் பங்கே கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நமக்கும் ஒரு மரம் வேண்டும் என்றுதான் சொன்னாள்.

அதற்காகச் சீனியம்மாளிடம் சீட்டுக் கட்டினாள். சீனியம்மாள் தெற்கேயிருந்து வந்து குப்பத்து ஓரத்தில் மளிகைக் கடை போட்டவள். மாதம் பத்து ரூபாய், இருபது பெண்கள், ஆக இருநூறு. அதை ஏலம் விடுவாள். பணம் தேவைப்படுகிறவள் இருபது தள்ளி எடுக்கிறேன், முப்பது தள்ளி எடுக்கிறேன் என்று கேட்க வேண்டும். யார் அதிகம் தள்ளுகிறாளோ, மீதிப் பணம் அவளுக்கு. தள்ளியதை எல்லோரும் பிரித்துக்கொள்வார்கள்.

ஒரு மாதம் மலிகா பிள்ளைப்பேற்றுச் செலவுக்காக அறுபது ரூபாய் தள்ளி எடுத்தாள். நிறைமாதக்காரி, மூச்சு வாங்க ஏலம் கேட்டாள். மங்கையின் பங்காக மூன்று ரூபாய் வந்தது. அதில் அரிசி வாங்கி ஆக்கினாள், தின்னாமல் எழுந்துவிட்டாள்.

அடுத்த மாதம் கடை வாசலில் ஒரே ரகளை. அவசரக்காரிக்குப் பணம் கிடைக்கிறது, பொறுத்திருப்பவளுக்கு லாபம் கிடைக்கிறது, இதில் யார் குடி கெட்டது என்று சீனியம்மாள் கேட்டாள். மங்கை விடவில்லை.

“கஸ்டப்படறவ கையில இருந்து புடுங்கித் துன்றதுக்குப் பேரு லாபமா? குலுக்கிப் போடு. யாருக்கு வியுதோ அவளுக்கு முழுசா இருநூறு. ஒரு காசு தள்ளக் கூடாது.”

தள்ளி எடுத்து நொந்தவர்கள் ஏற்கெனவே பாதிப்பேர். அவர்கள் மங்கை பக்கம் சாய்ந்தார்கள். அன்று முதல் ஏலம் ஒழிந்து குலுக்கல் வந்தது. பெயர் எழுதிப் போட்டால் யாருக்குப் படிக்கத் தெரியும்? இன்னும் சீட்டு எடுக்காதவர்கள் ஆளுக்கொரு அடையாளப் பொருளைப் பானையில் போட்டார்கள். உடைந்த வளையல், பித்தளைப் பொத்தான், சோழி. மங்கை போட்டது வலையில் கட்டுகிற ஈயக் குண்டு. சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுப்பாள். ஊரே மங்கையைப் புகழ்ந்தது. அவளும் கொஞ்ச நாள் தரையில் கால் பாவாமல்தான் திரிந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் புயல் மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்காக யாரும் கடலுக்குப் போகவில்லை. எத்திராஜ் வலைக்காக ஒரு மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தான். வியாபாரி வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் நூற்றெழுபது ரூபாய் வரவில்லையென்றால் மரத்தையும் வலையையும் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனான். எத்திராஜின் பெண்சாதி கன்னியம்மா அதே சீட்டில்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை குலுக்கல். கன்னியம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கடை வாசலில் நின்றாள். சீனியம்மாள் கையை விட்டாள். ஈயக் குண்டு வந்தது.

மங்கை பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. இருநூறு ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினாள். தேசப்பன் அதற்குள் சேதி கேட்டு வந்திருந்தான். நல்ல மரம் ஒன்று வலையோடு விலைக்கு வரப்போகிறது, நூற்றெண்பதுக்கு முடித்துவிடலாம் என்றான். யாருடையது என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

“எத்திராஜோடதுதான். நாம வாங்கலன்னா எவனோ வாங்கப் போறான். எத்திராஜு நம்ம கூடவே வரட்டும், நான் வேணான்னா சொல்லப் போறேன்?”

மரம் அதே மரம். பங்கு மட்டும் மாறும். தேசப்பனுக்கு மூன்று, எத்திராஜுக்கு ஒன்று. மங்கைக்கு ஆசையும் வந்தது, அருவருப்பும் வந்தது. வீட்டுக்குள் இருக்க முடியாமல் கரைக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். குலுக்கலில் விழுந்த பணம், இதில் நான் யாரை ஏமாற்றினேன் என்று தனக்குத்தானே வழக்குப் பேசினாள். தனக்குப் போகத்தான் தானமும் தர்மமும் என்று சும்மாவா சொன்னார்கள்? அப்படிச் சொல்லிப் பார்த்தும் மனசு ஆறவில்லை.

கன்னியம்மா கரைக்கே அவளைத் தேடி வந்தாள். அழவில்லை.

“ஏலமா இருந்தா நஸ்டப்பட்டாவது எடுத்திருப்பேன், மங்க. உன் ஞாயத்துல நஸ்டப்படக்கூட வயி இல்லாம பூட்சே.”

மங்கைக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தள்ளுகிற காசைத்தான் அவள் அநியாயம் என்று கண்டாளே ஒழிய, தேவைக்கு ஒரு கெடு இருக்கிறது என்பதை நினைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாருக்காகவும் காத்திருக்காதே! முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பணம் முழுவதையும் நீட்டினாள். நீ இப்போது எடுத்துக்கொள், உன் அடையாளம் விழும்போது அந்தச் சீட்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

கன்னியம்மா எண்ணி நூற்றெழுபதை எடுத்துக்கொண்டு, முப்பதைத் திரும்ப மங்கையின் கையில் வைத்தாள். மங்கை கையை உதறினாள். இதை ஒழிக்கத்தானே தெருவில் நின்று கத்தினேன் என்றாள்.

“ஓசில வாங்கினா காலத்துக்கும் உன் எதிர்ல தலை குனிஞ்சிகினு நிக்கணும். இத்தப் புடி. தள்ளி எடுத்தேன்னா நான் யாருக்கும் கடங்காரி இல்ல.”

வாங்காவிட்டால் அவள் நூற்றெழுபதையும் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று மங்கைக்குத் தெரிந்தது. வாங்கிக்கொண்டாள். மலிகாவின் அறுபதை இருபது பேர் பிரித்துத் தின்றார்கள். இந்த முப்பதும் அவள் ஒருத்திக்கே.

வீட்டில் தேசப்பன், மரத்தில் கட்டப் புதுக் கயிறு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் முப்பது ரூபாயைத் தரையில் வைத்தாள். அவன் பணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“முப்பது ரூபாக்கு மரத்த வித்துட்டு வந்துகீற.”

அது நம் மரம் இல்லையே என்றாள் மங்கை. அவன் புதுக் கயிற்றைச் சுருட்டி மூலையில் எறிந்தான்.

திங்கட்கிழமை கடல் தணிந்தது. விடியற்காலையில் தேசப்பன் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு எத்திராஜின் மரத்துக்குக் கூலியாகப் போனான். மங்கை வாசலில் நின்று பார்த்தாள். செய்தது நியாயம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு வயிறு எரிந்தது.