ஆட்டி எடுத்த படங்கள்

அண்ணன் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவளுடைய இந்த நாற்பத்தைந்து வயதில், வாடிக்கையாளர்களுக்கு முன்னால், "பாப்பா, இந்தம்மாவுக்கு மூக்குத் தழும்பை எடுத்து விடு" என்று அவர் குரல் கொடுக்கும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டாள். ஸ்டூடியோவின் பின்னறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, தழும்பை எடுத்து, கருவளையத்தை வெளுத்து, மூடியிருந்த கண்ணுக்கு வேறொரு படத்திலிருந்து திறந்த கண்ணைக் கொண்டுவந்து பொருத்திவிடுவாள். ஊரில் பாதிப் பேரின் பருவை நான்தான் கிள்ளியெடுத்தேன் என்று அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பாள். அண்ணி மட்டும்தான் அதற்குச் சிரிப்பாள்.

அந்த ஸ்டூடியோ ஒரு காலத்தில் அண்ணனும் அவள் கணவனும் சேர்ந்து நடத்தியது. படம் எடுப்பது அண்ணன், அச்சுப் போடுவது கணவன். ஒரு நாள் கணவன் பெரிய அச்சு மெஷினை எடுத்துக்கொண்டு, நல்ல வாடிக்கையாளர்களையும் கூட்டிக்கொண்டு தனிக்கடை போட்டுவிட்டான். அவன் போகப்போவது அதுவரை அவளுக்கே தெரியாது. "வர்றியா, இல்ல உங்க அண்ணன்கூடயே இருக்கியா?" என்று வாசலில் நின்று கேட்டான். கேட்ட தோரணை அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்துவிட்டாள். விவாகரத்து ஆனது. அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அண்ணன் வீட்டில் அவனுக்குப் பெயர் கிடையாது, துரோகி என்றால் அவன்தான்.

அவளுக்கும் ஒரு கேமரா உண்டு. கல்யாணங்களில் அண்ணனுக்குத் துணையாக நின்று எடுப்பாள். அப்படி ஒரு மண்டபத்தில் யாரோ முழங்கையால் இடித்ததில் கேமரா ஆடி, மேடைக்கு ஓடிய கூட்டம் முழுவதும் நிறங்களின் ஓட்டமாகப் பதிந்துவிட்டது. முகமில்லை, கையில்லை. ஆனால் அவசரம் இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, "யாரோ ஈரத்துணியால துடைச்ச மாதிரி இருக்கு. அழி" என்றார். அவள் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அழித்தாள்.

அதன்பிறகு வேண்டுமென்றே ஆட்டி எடுக்க ஆரம்பித்தாள். கேமராவின் கண் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும்படி வைத்துக்கொண்டு, அழுத்தும்போதே கையை ஒரு வீச்சு வீசுவாள். மழையில் ஓடும் குடைகள், கொடியில் காயும் துணிகள், நகரும் படிக்கட்டில் இறங்குகிறவர்கள். கூடை கூடையாக எடுத்தால் ஒன்று தேறும். தெருவில் பார்த்தவர்கள் அவளுக்குக் கைவலிப்பு என்று நினைத்து விலகிப் போனார்கள். கடையில் அண்ணன் 'கலங்கல் கம்பெனி' என்று பட்டம் வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டினார்.

நகர நூலகத்தின் மாடியில் ஒரு படக்கூடம் இருந்தது. அதன் பொறுப்பாளர் அம்மா தன் பெண்ணின் படங்களை வாங்க ஸ்டூடியோவுக்கு வந்தவர், பின்னறைத் திரையில் குடைப் படத்தைப் பார்த்துவிட்டார். விசாரித்து, மிச்சப் படங்களையும் பார்த்து, கண்காட்சி வைக்க ஒரு சுவர் தருவதாகச் சொன்னார். "பெருசா அச்சுப் போட்டுக் கொண்டுவாங்க. அச்சு மட்டும் நல்லா இருக்கணும். இந்த மாதிரிப் படத்துல அச்சு கெட்டா எல்லாமே கெட்டுடும்."

அண்ணன் உச்சி குளிர்ந்துபோனார். நம் கடைக்குப் பெயர் வரும் என்று கணக்குப் போட்டார். அவளைக் கேட்காமலே குடைப் படத்தை, கணவன் போனபின் வாங்கிய தன் மெஷினில் போட்டு, சுருள் பிரித்து மேஜைமேல் விரித்தார். அது முகங்களுக்கென்றே பழக்கப்பட்ட மெஷின். தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், ஓரங்களைக் கூராக்கும். வழவழப்பான காகிதத்தில் ட்யூப்லைட் கண்ணைக் குத்தியது. மழையின் சாம்பல் நிறம் மெல்ல மெல்ல இருட்டாக வேண்டிய இடத்தில், ஏணிப்படி போல் பட்டை பட்டையாக இறங்கியது. இருட்டுப் பகுதி ஒரே கருங்குழியாகக் கிடந்தது, அதில் அவள் முகமே தெரிந்தது.

"பாரு, எப்படிப் பளிச்சுனு இருக்கு."

"நான் பளிச்சுனு எடுக்கல அண்ணா."

"அதைத்தான் சரி பண்ணிக் கொடுத்திருக்கேன்."

"சரி பண்ணச் சொல்லி யாரு கேட்டா?"

அண்ணன் காகிதத்தைச் சுருட்டி மூலையில் வீசினார். "கலங்கலா எடுத்ததுக்கே இவ்வளவு வாய். நல்லா எடுத்திருந்தா தலைகால் தெரியாமப் போயிருக்கும்."

அடுத்து, வெளியூர் அச்சகம் ஒன்றுக்கு இணையத்தில் அனுப்பிப் பார்த்தாள். காகிதம் பரவாயில்லை. ஆனால் மழை பாசி பிடித்த மாதிரிப் பச்சையாக வந்தது. போன் செய்தால், "உங்க ஸ்கிரீன்ல கோளாறு மேடம்" என்று ஒரே பாட்டு. கூடத்து அம்மாவிடம் போய் நின்றாள். அவர் யோசிக்காமல் ஒரு கடையைச் சொன்னார். "கொஞ்சம் சிடுமூஞ்சி. ஆனா அந்த ஆளைவிட நல்லாப் போடறவங்க இங்க இல்ல."

அது அவளுடைய பழைய கணவனின் கடை என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். சில நாள் தள்ளிப்போட்டாள். பிறகு ஒரு காலையில் கிளம்பிப் போய்விட்டாள்.

கடையின் சுவர்களுக்கெல்லாம் மங்கலான சாம்பல் வண்ணம் அடித்திருந்தார்கள். புதுக் காகித வாசனை. முன்மேஜையில் அவனுடைய இரண்டாம் மனைவி. இவளைப் பார்த்ததும் யாரென்று அந்தப் பெண் தெரிந்துகொண்டாள்.

"ஃபைல் கொண்டு வந்திருக்கீங்களா, பழைய கதை கொண்டு வந்திருக்கீங்களா?"

"ஃபைல்தான்."

அவன் உள்ளேயிருந்து வந்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. படத்தைத் திரையில் திறந்து பார்த்தான்.

"கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சா?"

"ஆட்டித்தான் எடுத்தேன்."

"தெரியுது. மேலேர்ந்து கீழே இழுத்து, கடைசியில லேசா வலது பக்கம் திருப்பியிருக்கே." திரும்பாமலே சொன்னான். "உங்க அண்ணன் மெஷின்ல போட்டுப் பார்த்துட்டுத்தானே இங்க வந்திருக்கே?"

அவன் இதையெல்லாம் சரியாகக் கண்டுபிடித்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "அச்சுப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

படத்தின் மிக இருட்டான இடத்திலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்து, அதையே வெவ்வேறு காகிதங்களில் போட்டு நீட்டினான். அவள் துண்டுகளை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். நன்றாக இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் போனாள். ஒரு காகிதம் மினுமினுத்தது, அதை ஒதுக்கினாள். இன்னொன்று மஞ்சளோடியிருந்தது. மூன்றாவது பருத்திக் காகிதம், துளியும் பளபளப்பில்லை, விரலுக்குத் துணி மாதிரி இருந்தது. அதில் சாம்பல் நிறம் எங்கே முடிந்து கருப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. கருப்புக்குள்ளேயும் ஒரு குடை ஓடிக்கொண்டிருந்தது. தான் எடுத்த படத்தில் அந்தக் குடை இருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போய், "இது" என்று அந்தத் துண்டை மேஜையில் வைத்தாள்.

"தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்கன்னு சலுகையெல்லாம் கிடையாது" என்றான். "அப்புறம், கூடத்து வாசல்ல என் கடைப் பேரு பெருசா இருக்கணும். உங்க அண்ணன் தெருவுலேர்ந்தே படிக்கிற மாதிரி."

"எல்லா அச்சுக்கடைப் பேரும் அங்க சின்னதாத்தான் போடுவாங்க. உங்க சண்டைக்குப் பலகை கட்ட நான் படம் எடுக்கல."

துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டு வாசலைத் தாண்டிவிட்டாள். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சின்னதாவே போட்டுத் தொலை. மிச்சப் படங்களை அனுப்பு."

அண்ணனிடம் அவளே சொன்னாள். யாரோ சொல்லித் தெரிவதைவிட அது மேல் என்று நினைத்தாள். அவர் வீட்டில் உட்கார்ந்து கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது.

"அவன் கடைப் படி ஏறினியா?"

"ஏறினேன்."

"இத்தனை வருஷம் உன்னை வெச்சுச் சோறு போட்டிருக்கேன்."

"சும்மா சாப்பிடலையே அண்ணா. ஸ்டூடியோ ரூம்ல உட்கார்ந்து கண்ணு போச்சு."

"அவன் நம்மை நடுத்தெருவுல விட்டுட்டுப் போனவன்."

"ஆமா. அவன் பண்ணது துரோகம்தான். அவன் போடற அச்சு நல்லா இருக்கு. ரெண்டும் உண்மைதான், நான் என்ன பண்ணட்டும்?"

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "படம்தானேங்க, விடுங்களேன்" என்றாள். "உன்னை யாரும் கேட்கல" என்றார் அவர். மறுநாள் பின்னறைக்குப் புதுப் பூட்டு தொங்கியது. ஒரு வாரத்தில் அவளுடைய நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து பரு எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலும் அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்தினார். அவள் தட்டு நகர்ந்தாலே எழுந்து போனார். அவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு ஒரு வாடகை அறைக்குக் குடிபோனாள். அண்ணி மட்டும் வாசல்வரை வந்து, தலையணையை மறந்துட்டே என்று கொடுத்தாள்.

கண்காட்சி நடந்தது. கேமரா ரிப்பேரா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஒருவர் துணிப் படம் தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று கடைசிவரை வாதாடினார். ஒரு கண் மருத்துவர் குடைப் படத்தைத் தன் மருத்துவமனையில் மாட்ட ஆசைப்பட்டார். காத்திருக்கிறவங்க தங்களுக்குப் பார்வை போயிடுச்சுன்னு அலறிடுவாங்க என்று அவர் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். சிலர் மட்டும் வெகுநேரம் நின்று பார்த்தார்கள். ஒரு பெண் நகரும் படிக்கட்டுப் படத்தை வாங்கிக்கொண்டாள்.

முடிகிற அன்று அண்ணன் வந்தார். அவளைப் பார்க்கவில்லை. நேரே குடைப் படத்தின் முன்னால் போய், மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று, இருட்டான மூலையை வலமிருந்து இடமாக, இடமிருந்து வலமாகத் துழாவினார். பட்டை இருக்கிறதா என்று தேடுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. அவர் நெடுநேரம் தேடினார். பிறகு கூடத்து அம்மாவிடம், "லைட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் ஓயும்வரை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கூப்பிடலாமா என்று தோன்றியது. கூப்பிடவில்லை.

இப்போது அவள் வேறு ஸ்டூடியோக்களுக்குத் தன் அறையிலிருந்தே முகம் துடைத்துக் கொடுக்கிறாள். படங்கள் எடுப்பதும் நிற்கவில்லை. அச்சுக்கு அதே கடைதான், போகும்போதெல்லாம் சண்டைதான். போன மாதம் பாலத்தடியில் எடுத்த ஒரு படத்தை வைத்து, கருப்பு போதவில்லை என்று இவளும், இதற்குமேல் போட்டால் செத்துவிடும் என்று அவனும் கத்திக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு பேரும் வெளியே போய்ச் சண்டை போடுங்க, வாடிக்கையாளர் வர்ற நேரம்" என்றாள் இரண்டாம் மனைவி. இரண்டு பேரும் துண்டுக் காகிதங்களைக் கையில் பிடித்தபடி வெளியே போய், வெயிலில் நின்று, அங்கேயும் ஒத்துப்போகவில்லை.